தார்ப்பாயில் கொட்டிய ஏழு கிலோ

11 நவம்பர் 2024, திங்கள்

இன்று எட்டாம் வகுப்புக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. பள்ளியில் உள்ள ஐந்து குப்பைத்தொட்டிகளையும் வேப்பமரத்தடிக்குத் தூக்கிவரச் சொன்னேன். பழைய தார்ப்பாயை விரித்து, அன்றைய குப்பை முழுவதையும் அதன்மேல் கொட்டினோம். கைக்கு உறை, ஆளுக்கொரு குச்சி. முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று தேடல் தொடங்கிவிட்டது. "டீச்சர், இது என் நோட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். பாதிப் பக்கங்கள் எழுதாமலே கிடந்த நோட்டு.

ஆய்வக அலமாரியிலிருந்து சுருள்வில் தராசை எடுத்து வந்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். சோறும் முட்டை ஓடும் 3.4 கிலோ. சருகு 2.2 கிலோ. தாள் 0.9 கிலோ. பிளாஸ்டிக் 0.5 கிலோ. ஆக 7 கிலோ. 132 பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் ஒரு நாள் கணக்கு இது.

"பிளாஸ்டிக்தானே டீச்சர் குறைவு?" என்றான் ஒருவன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நொறுக்குத் தீனிப் பாக்கெட்டுகள் மட்டும் 143. தலைக்கு ஒன்றுக்கும் மேல். எடை ஒரு கதை சொல்கிறது, எண்ணிக்கை வேறொரு கதை சொல்கிறது. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தோம். அழிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

குவியலில் இரண்டு தண்ணீர் பாக்கெட்டுகளும் கிடந்தன. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் அதுவும் ஒன்று என்றேன். "தடை என்றால் இது எப்படி டீச்சர் இங்கே வந்தது?" என்று கேட்டாள் முன்வரிசைப் பெண். அந்தக் கேள்வியையும் பலகையில் எழுதினேன்.

13 நவம்பர், புதன்

குழந்தைகள் தினத்துக்கு "கழிவிலிருந்து கலைப்பொருள்" போட்டி வைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன், ஆனால் வருத்தமில்லை. சென்ற ஆண்டு நடந்ததைப் பார்த்தவள் நான். பாட்டில் பொம்மை செய்வதற்காகவே நான்கு பிள்ளைகள் புதிதாகக் குளிர்பானம் வாங்கினார்கள். அதன்மேல் ஒட்ட ஜிகினாத் தாள், பசை, தெர்மாகோல், எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. பரிசு கொடுத்த மறுவாரம் அத்தனையும் குப்பைக்குப் போயின. பசையும் ஜிகினாவும் ஒட்டிய பாட்டிலைப் பழைய பொருள் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருளை நாமே கெடுத்துவிட்டு, அதற்குச் சான்றிதழும் கொடுத்திருக்கிறோம்.

அதற்குப் பதிலாக அந்தக் கடைக்காரரையே பள்ளிக்கு அழைத்தால் என்ன என்று கேட்டேன். சம்மதித்தார்கள்.

15 நவம்பர், வெள்ளி

கடைக்கார அண்ணன் தன் தராசோடு வந்தார். பிள்ளைகள் பிரித்துவைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, எடுப்பேன், எடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எழுதிய நோட்டு, எடுப்பேன். அட்டைப்பெட்டி, எடுப்பேன், நனைந்திருந்தால் விலை பாதி. தண்ணீர் பாட்டில், எடுப்பேன், மூடியைத் தனியாகப் போடுங்கள். பால் கவர், கழுவிக் காயவைத்தால் எடுப்பேன். சிப்ஸ் பாக்கெட்?

"அதை யாரும் எடுக்க மாட்டார்கள் பாப்பா."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர் போன பிறகு ஒரு பாக்கெட்டைப் பிரித்துச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெளியே அச்சடித்த பிளாஸ்டிக் தாள், உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் தாள், நடுவில் நூலிழையைவிட மெல்லிய அலுமினியப் பூச்சு. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடு. அந்த ஏற்பாடே அதற்கு எமன். அடுக்குகளைக் கட்டுப்படியாகும் செலவில் பிரித்தெடுக்க முடியாது. பிரிக்க முடியாததை உருக்கிப் புதுப்பொருள் ஆக்குவதும் கடினம். சிமெண்ட் ஆலைச் சூளைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிப்பதற்கு இவற்றை அனுப்புகிறார்கள். அதை மறுசுழற்சி என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எரிப்பு என்றே சொன்னேன்.

பாட்டில் மூடியை ஏன் தனியாகப் போட வேண்டும் என்று கேட்டான் ஒருவன். பாட்டிலின் அடியிலும் மூடியின் உட்புறத்திலும் உள்ள முக்கோணத்தையும், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்டும் எண்ணையும் தேடச் சொன்னேன். பாட்டிலில் 1, மூடியில் 2. இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக், வேறு வேறு வெப்பத்தில் உருகுபவை. மதிய இடைவேளை முழுவதும் பள்ளியில் இருந்த டிபன் டப்பா, வாளி, குடம் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

18 நவம்பர், திங்கள்

உரக்குழி நாறுகிறது. போன செவ்வாய் வெட்டிய குழி. சத்துணவில் மிஞ்சிய சோறு, குழம்பு, காய்த்தோல் என்று ஈரமானதை மட்டும் ஆறு நாள் கொட்டியிருக்கிறோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே மறுக்கிறார்கள். குழியை மூடிவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்கள் ஆயா சாணிக்குழியில் ஒரு கூடை சாணிக்கு இரண்டு கூடை சருகு போடுவார்கள் டீச்சர்" என்றாள். நான் பாடமாகச் சொல்ல வேண்டியதை அவள் வீட்டுவாசலிலிருந்து கொண்டுவந்துவிட்டாள். ஈரச் சோற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகும்போதுதான் அந்த நாற்றம். சருகு காற்றுக்கு இடைவெளியும் தரும், நல்ல நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய கரிமச்சத்தும் தரும். வேப்பமரத்தடியில் இத்தனை நாள் கூட்டிக் கொளுத்திய சருகை இனிமேல் ஒரு கைப்பிடிகூட எரிக்கக்கூடாது என்று அங்கேயே முடிவானது. இரண்டு கூடை சருகு, ஒரு வாளி சாணிக்கரைசல். கிளறிவிட்டோம்.

சோறு ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பேசினோம். "முதலிலேயே நிறையப் போட்டுவிடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்றார்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். சமையல் அம்மாவிடம் பேசினேன். இனிமேல் முதலில் ஒரு கரண்டி, கேட்டால் மறுபடி. குறைவாகப் போட்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களோ என்ற பயத்தில்தான் அள்ளிவைத்திருக்கிறார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால் மறுபடி கேட்க எவரும் தயங்கக்கூடாது என்பதையும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன்.

21 நவம்பர், வியாழன்

இன்றைய நாளை எழுதக் கை வரவில்லை.

காலையில் குப்பை வண்டி வந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பத்து நாளாகப் பிரித்துவைத்த இரண்டு தொட்டிகளையும் தூய்மைக் காவலர் அக்கா ஒரே வண்டியில் கவிழ்த்தார். எட்டாம் வகுப்பு முழுவதும் சன்னலில் நின்று பார்த்தது. "பிறகு நாம் எதற்கு டீச்சர் பிரிக்கிறோம்?" என்று கேட்டவனின் முகத்தில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

அக்காவை வகுப்புக்குள் அழைத்து உட்காரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார மறுத்தார். பிள்ளைகளே கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வண்டியில் முன்பு இரண்டு பெட்டிகள் இருந்தனவாம். ஒன்று உடைந்து மாதங்கள் ஆகின்றன. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும் வேறு பெட்டி வரவில்லை. "நீங்கள் பிரித்துக் கொடுப்பது எனக்குத் தெரிகிறது கண்ணு. கொட்டும்போது எனக்கே மனசு கேட்காது. கிடங்கில் போய் மறுபடி நான்தான் கையால் பிரிக்கிறேன்" என்றார்.

பிறகு கையை விரித்துக் காட்டினார். வலது ஆட்காட்டி விரலில் ஆறாத வெட்டு. எதனால் என்று கேட்டாள் ஒரு சிறுமி. "பிளேடு. பள்ளிக்கூடக் குப்பையில்தான்."

பென்சில் சீவப் பிள்ளைகள் பாதியாக உடைத்து வைத்திருக்கும் அதே பிளேடு. ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எத்தனை ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன்! மறுசுழற்சி முக்கோணத்தை எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே ஒரு கை இருக்கிறது என்று ஒருநாளும் வரைந்து காட்டியதில்லை.

மாலைக்குள் பிள்ளைகள் ஒரு பழைய பால்மாவுத் தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, உண்டியல்போல ஆக்கிவிட்டார்கள். பிளேடும் ஊசியும் அதற்குள் மட்டும். வண்டிக்கு இரண்டு சணல் சாக்குகள் தைத்துக் கொக்கி மாட்டிக் கொடுத்தோம். பெட்டி கேட்டு மனுவும் எழுதினார்கள். எழுத்துப்பிழையை மட்டும் நான் திருத்தினேன்.

25 நவம்பர், திங்கள்

குச்சியில் வெப்பமானியைக் கட்டிக் குழிக்குள் இறக்கினோம். 56 டிகிரி! வெளியே 28. அடுப்பில்லாமல், வெயிலில்லாமல் எங்கிருந்து வந்தது இந்தச் சூடு என்று வாய் பிளந்தார்கள். கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் தின்று மூச்சுவிடும் சூடு அது. நாற்றம் போய், மழை பெய்த மண்ணின் வாசம் வருகிறது. சோற்றுக் கழிவும் 3.4-இலிருந்து 1.9 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. மீதியில் ஒரு பங்கு முட்டை ஓடு. அது சீக்கிரம் மக்காது. நொறுக்கித்தான் போட வேண்டும். ஓட்டின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைப்பதைக் காட்டினேன்.

வானம் இருண்டுகொண்டே இருக்கிறது.

9 டிசம்பர், திங்கள்

இன்றுதான் பள்ளி திறந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களுக்கு அடுத்திருக்கும் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மூன்று பிள்ளைகளின் வீட்டுச் சுவர் இடிந்திருக்கிறது. உரக்குழி இருந்த இடத்தில் சேறு மட்டும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, 132 பேரும் உயிரோடு வந்து வரிசையில் நின்றது போதும் எனக்கு.

10 டிசம்பர், செவ்வாய்

தெருமுனைக் குழாய்ப்பாலத்தில் ஊர்க்காரர்கள் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பை அழைத்துப்போய்த் தூரத்தில் நிறுத்திக் காட்டினேன். மண்வெட்டியில் வந்தது பாதி சேறு, பாதி பாக்கெட். பத்து ஆண்டு முன் விற்ற பாக்கெட்டுகளும் இருந்தன. அச்சு மங்கவில்லை, விலைகூடப் படிக்க முடிந்தது.

"இதனால்தான் டீச்சர் வெள்ளம் வந்ததா?" என்றார்கள். இல்லை என்றேன். இந்த மழைக்கு எந்த ஊரும் முழுகும். குப்பைமேல் எல்லாப் பழியையும் போட்டால் பிள்ளைகள் மழையைப் புரிந்துகொள்ளாமல் போவார்கள். ஆனால் மற்ற தெருக்களில் வடிந்த பிறகும் இந்தத் தெருவில் மட்டும் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அதற்கு இந்த அடைப்புதான் காரணம். அதை அந்தத் தெருப் பையன் ஒருவனே சொன்னான்.

18 டிசம்பர், புதன்

உரத்துக்கு இம்முறை குழி இல்லை. தரைக்கு மேலே கிணற்று உறை ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் துளை போட்டிருக்கிறோம்.

பள்ளிக்கு எதிர்க்கடை அம்மாவிடம் பிள்ளைகள் ஐந்து பேர் போய்ப் பேசினார்கள். கடலை மிட்டாய், முறுக்கு, அவித்த கடலை எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, இலையிலோ தாளிலோ மடித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டிலில் வைத்தால் எறும்பு வரும், மழைக்காலத்தில் முறுக்கு நமத்துப் போகும், சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் அந்தத் தொல்லையில்லை என்றாராம். அவர் சொல்வதும் உண்மை. அவருடைய பிழைப்பு அது. கடைசியில் அவித்த கடலைக்கும் கடலை மிட்டாய்க்கும் மட்டும் ஒத்துக்கொண்டார். இறுக்கமான மூடியுள்ள இரண்டு பாட்டில்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இன்று மறுபடி எண்ணினோம். பாக்கெட்டுகள் 81. பலகையில் 143-க்குக் கீழே எழுதினோம்.

மாலையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஏழெட்டுப் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினான். நான்கு நாளாகச் சேர்த்துவைத்திருக்கிறான். "கடைக்கார அண்ணனும் வாங்க மாட்டார், எரிக்கவும் கூடாது என்கிறீர்கள். எங்கே டீச்சர் போடுவது?" என்றான். வகுப்பு மூலையில் இதற்கென்று தொங்கவிட்டிருக்கும் சாக்கைக் காட்டினேன். போட்டுவிட்டு, சாக்கு நிறைந்த பிறகு எங்கே போகும் என்று கேட்டான். சிமெண்ட் சூளை என்றேன். "இதை எல்லாம் செய்கிற கம்பெனிக்கே திருப்பி அனுப்ப முடியாதா?"

நாளை எட்டாம் வகுப்பில் அவனையும் உட்காரவைத்து, பாக்கெட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் முகவரிகளை எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பூதக்கண்ணாடிகள் மூன்று இருக்கின்றன. தபால் அட்டைகள் வாங்க வேண்டும்.