வெங்காயம் போட முதல் நாய்ட பங்க எடுத்து வைங்க

மட்டக்களப்புப் பக்கம் வீட்டு நாய்க்குச் சாப்பாடு எண்டா மிஞ்சின சோத்துல மீன் குழம்ப ஊத்திக் குழைச்சு வைக்கிறதுதான், எங்கட அம்மம்மா காலத்துல இருந்து அப்பிடித்தான், அத நான் குறை சொல்லல்ல, தாங்க திண்டதுல அதுக்கும் பங்கு குடுத்த ஆக்கள். ஆனா அந்தக் குழம்புல கிடக்கிற வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. ரத்தத்துல இருக்கிற சிவப்பணுக்கள உடைக்கும், அவிச்சாலும் வதக்கினாலும் அது போகாது, கொஞ்சம் கொஞ்சமா நெடுகக் குடுத்தாலும் பாதிக்கும். திண்ட உடனே ஒண்டும் தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் பல்லு முரசு வெளிறிச் சோந்துபோய்ப் படுக்கும்.

தனிச் சமையல் எண்டு பயப்படத் தேவல்ல. கறிக்கு மீன வெட்டிக் கழுவின கையோட, உப்பு தூள் சேர முதல், அதுட பங்க வேற சட்டியில போடுங்க, அவ்வளவுதான்.

எங்கட நாய் பிரவுனிக்கு சூடை மீனும் கீரி மீனும் மலிஞ்சு வாற நாளையில அதுதான், கடல் கொந்தளிச்சு மீன் விலை ஏறினா கோழி. வெறும் தண்ணியில அவிச்சு முள்ள முழுக்க எடுத்து, குழைய வடிச்ச சோறு ஒரு பங்கு, மீன் ஒரு பங்கு, பூசணிக்காயோ கரட்டோ போஞ்சியோ மசிச்சது அரைப் பங்கு எண்டு பிசைவன். ஈரல் கிடைச்சா சின்னத் துண்டு மட்டும், கூடினா விற்றமின் ஏ அளவு மீறிப் போகும். பச்ச மீன் வேணாம், சில மீன்ல தயமினேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்கு, அது பி1 விற்றமின அழிக்கும், அவிச்சா அந்தப் பிரச்சின இல்ல. அவிச்ச கோழி எலும்பு எப்பவுமே வேணாம், கூராச் சிதறிக் குடல்ல குத்தும். கருவாடும் வேணாம், அவ்வளவும் உப்பு. பொங்கலுக்குப் புக்கையில போடுற பிளம்ஸ் இருக்கே, அது முந்திரிகைப் பழத்த, அதாவது திராட்சைய, காயவச்சது, நாய்ட சிறுநீரகத்தையே பழுதாக்கும், பாசத்துல ஒரு பிடி கூடக் குடுத்திராதீங்க.

இனி கனபேர் விடுற விசயம், கல்சியம். முள்ளெடுத்த மீனும் சோறும் மட்டும் எண்டா பொஸ்பரஸ் நல்லா இருக்கும், கல்சியம் காணாது, உடம்பு தன்ட எலும்புல இருந்தே அத எடுக்கத் தொடங்கும், வளருற குட்டிக்குக் கால் வளைஞ்சே போகும். முட்டைக் கோதக் கழுவி அவிச்சு, நல்லாக் காயவச்சு கிரைண்டர்ல மாவா அரைச்சு வைங்க, முள்ளில்லாத மீனோ இறைச்சியோ அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

இதோட எல்லாச் சத்தும் சரி எண்டு நான் சொல்ல மாட்டன். 2013ல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துட டேவிஸ் வளாகத்துல, வீட்டுல நாய்க்குச் சமைக்கிற 200 செய்முறைய எடுத்துக் கணக்குப் பாத்தாங்க, அதுல 95 சதவீதத்துல ஏதோ ஒரு முக்கிய சத்தாவது குறைவா இருந்திச்சு, மிருக வைத்தியர்மார் எழுதினதுலயும் குறை இருந்திச்சு. துத்தநாகம், செம்பு, விற்றமின் டி, ஈ எல்லாம் நம்மட சோத்துச் சட்டியால மட்டும் நிரம்பாது. அதால உங்கட பிரதேசத்து மிருக வைத்தியர்ட்ட நாய்ட நிறையும் வயசும் சொல்லி, என்ன சமைக்கிற எண்டதையும் சொல்லி, எந்த மினரல் தூள் எவ்வளவு போடணும் எண்டு கேளுங்க. சின்னக் குட்டி, வயித்துல குட்டி இருக்கிற நாய், சிறுநீரக வருத்தம் உள்ள நாய் எண்டா கேக்காமத் தொடங்கவே வேணாம்.