மைக்கை அணைத்துவிட்டு நடந்த கூட்டம்

3 வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒருநாள் காலையில் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வீடியோ கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. என்ன விஷயம் என்று போடவில்லை. உள்ளே நுழைந்தால் எங்கள் மைக் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே அணைக்கப்பட்டிருந்தது, சாட் பெட்டியும் மூடியிருந்தது. மொத்தம் 11 நிமிடம். பிரிவை மூடுகிறோம், வேலையை வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம், இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி, மற்றதெல்லாம் மின்னஞ்சலில் வரும். நடுவில் என்னையறியாமல் அந்தச் சிவப்புக் கோடு போட்ட மைக் படத்தை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். திறந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

இத்தனைக்கும் எங்கள் பிரிவு லாபத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் லாபம் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம்.

வேலை போனது கூட அப்புறம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மைக் விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. நாட்டை யார் ஆள வேண்டும் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிக்கிற இடத்தை யார் நடத்துவது, லாபத்தை என்ன செய்வது, எப்போது மூடுவது என்பதில் எனக்கு ஒரு ஓட்டு இல்லை, கருத்துச் சொல்லக்கூட வழியில்லை. தொழில்களையும் அவற்றை நடத்தும் அதிகாரத்தையும் ஜனநாயக வழியில் மக்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிற ஜனநாயக சோசலிசம் பற்றி அதுவரை நுனிப்புல் மேய்ந்திருந்த நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது இந்த எரிச்சலில்தான், கொள்கைப் பிடிப்பு எல்லாம் ஒன்றும் கிடையாது.

இந்தப் பெயரைச் சொன்னாலே இரண்டு வகையான பதில் வருகிறது. ஒன்று, "அதான் ரஷ்யாவுல பாத்தோமே" என்பது. ஒரே கட்சி, எதிர்த்துப் பேசினால் சிறை, தொழிற்சங்கமே அரசின் கைப்பாவை என்று இருந்த இடத்தில் "ஜனநாயக" என்ற பாதி எங்கே இருந்தது? இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க விருப்பமில்லை. இரண்டாவது பதில்தான் தந்திரமானது: "ஸ்வீடன் மாதிரி நல்லா வரி போட்டு, இலவச மருத்துவம், கல்வி கொடுத்தா அதுதான் ஜனநாயக சோசலிசம்." நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு சமூக ஜனநாயகம் என்று வேறு பெயர் இருக்கிறது. நல்ல விஷயம், கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கேயும் நிறுவனம் பங்குதாரருடையது, முடிவு அவர்கள் கையில், மைக் அவர்கள் கட்டுப்பாட்டில். வேலை போனால் கிடைக்கிற உதவித்தொகை கொஞ்சம் கூடுதல், அவ்வளவே வித்தியாசம்.

சரி, அப்படியானால் அரசே எடுத்து நடத்திவிட்டால்? இதற்கு 1947 ஜனவரி 1-ஐப் பார்க்க வேண்டும். அன்றைக்கு பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. ஒவ்வொரு சுரங்க வாசலிலும் ஒரு பலகை நட்டார்கள், இந்தச் சுரங்கத்தை இனி தேசிய நிலக்கரி வாரியம் மக்கள் சார்பில் நிர்வகிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கொடியேற்றி, கூடி நின்று, தலைமுறை தலைமுறையாகச் சுரங்க முதலாளிகளிடம் அடிபட்ட மனிதர்கள் அதைப் பார்த்தார்கள். மறுநாள் குழிக்குள் இறங்கினால் அதே மேலாளர், அதே மேற்பார்வையாளர். வாரியத்தின் முதல் தலைவரே பெரிய தனியார் சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்தியவர். பாதுகாப்பும் விடுமுறையும் மேம்பட்டன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிற்பாடு, 1960-களில், நூற்றுக்கணக்கான சுரங்கங்களை மூடியபோது முடிவு மேலிருந்துதான் வந்தது. பலகையில் இருந்த "மக்கள் சார்பில்" என்பதில் மக்களை விட "சார்பில்" தான் கனமாக இருந்தது.

ஆக, கேள்வி உடைமையைப் பற்றியது மட்டுமல்ல, உடைமையோடு சேர்ந்து வருகிற அதிகாரத்தைப் பற்றியது. அதை வன்முறையில்லாமல், தேர்தல் வழியாகவே, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று தேடினால், வேடிக்கை என்னவென்றால், மறுபடி ஸ்வீடனில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லோரும் சொல்லும் ஸ்வீடன் இல்லை, அந்த நாடே பாதியில் கைவிட்ட ஒரு திட்டம்.

ருடால்ஃப் மெய்ட்னர் ஜெர்மனியில் பிறந்தவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே ஸ்வீடனுக்குத் தப்பி வந்துவிட்டார். அங்கே எல்ஓ என்கிற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொருளாதார நிபுணர் ஆனார். அவரும் யோஸ்டா ரென் என்பவரும் சேர்ந்து 1951-இல் ஒரு கூலிக் கொள்கையை முன்வைத்தார்கள்: ஒரே வேலைக்கு எங்கே போனாலும் ஒரே கூலி, நிறுவனம் கொழுத்திருந்தாலும் சரி நொண்டிக்கொண்டிருந்தாலும் சரி. அந்தக் கூலியைக் கொடுக்க முடியாத நிறுவனம் மூடட்டும், அதன் ஆட்களுக்கு அரசு புதுத் தொழில் கற்றுக்கொடுத்து நல்ல நிறுவனத்துக்கு அனுப்பட்டும். அருமையாக வேலை செய்தது. ஆனால் ஒரு சிக்கல். நல்ல லாபம் பார்க்கிற நிறுவனம் இதைவிட அதிகமாகவே கூலி தர முடியும், சங்கமே கேட்காமல் விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்த காசு எங்கே போனது? ஏற்கெனவே பெருந்தொழில்களைக் கையில் வைத்திருந்த சில குடும்பங்களின் கணக்குக்கு. தொழிலாளி மற்ற தொழிலாளிக்காகச் செய்த தியாகம் முதலாளியின் பணப்பெட்டியில் போய் விழுந்தது.

மெய்ட்னர் சொன்ன தீர்வு இது. பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் லாபத்தில் 20 சதவீதத்தைப் புதுப் பங்குகளாக வெளியிட்டு, தொழிலாளர்களின் பொது நிதியத்துக்குக் கொடுக்க வேண்டும். பணமாக அல்ல, பங்காக, அதனால் முதலீடு நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும். யாருடைய சொத்தையும் பிடுங்கவில்லை. இனிமேல் வளர்வதில்தான் பங்கு. கால்குலேட்டரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன்: நிறுவனம் மூலதனத்தில் 10 சதவீதம் லாபம் ஈட்டினால், வருடத்துக்கு 2 சதவீதம் புதுப் பங்கு, 35-ஆவது வருடத்தில் நிதியம் பாதியைத் தொடுகிறது. லாபம் 20 சதவீதம் என்றால் 18 வருடம் போதும். எவ்வளவுக்கு எவ்வளவு கொழுத்த நிறுவனமோ அவ்வளவு சீக்கிரம் கைமாறும். எந்தக் கதவையும் யாரும் உடைக்காமல் ஒரு நாட்டின் தொழில் முழுக்க அதில் உழைப்பவர்கள் கைக்கு வருகிற கணக்கு இது. முதலில் படித்தபோது இரண்டு முறை திரும்பப் படித்தேன்.

1976-இல் எல்ஓ மாநாடு இதை ஏற்றுக்கொண்டது. அதே வருடத் தேர்தலில், 44 வருடம் ஏறக்குறைய இடைவிடாமல் ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது. அணுமின் நிலையம், வரி என்று வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் பயந்துவிட்டார்கள். கட்சித் தலைவர் ஓலோஃப் பால்மேவுக்கே இதில் பெரிய ஆர்வம் கிடையாது. 1982-இல் திரும்ப ஆட்சிக்கு வந்து, அடுத்த வருடம் நீர்த்துப்போன ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அக்டோபரில் ஸ்டாக்ஹோம் தெருக்களில் பல்லாயிரம் பேர் பேரணி போனார்கள், எதிர்த்து. முதலாளிகள் ஊர்வலம் போவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதில் எனக்கு மறக்காத காட்சி ஒன்று. 1983 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதா விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. நிதியமைச்சர் ஷெல்-ஓலோஃப் ஃபெல்ட் தன் இருக்கையில் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். மாடத்திலிருந்து ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் அதைப் படமெடுத்துவிட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் கவிதை! இந்த நிதியங்கள் கெட்ட வார்த்தைக்குரிய ஒரு கண்றாவி, எப்படியோ இதுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்கிற பொருளில், எதுகையோடு. சட்டத்தைக் கொண்டுவருகிற அமைச்சரே! 1984-இல் அமைந்த 5 நிதியங்கள் பங்குச் சந்தையில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருந்தன. 1991-இல் வலதுசாரிக் கூட்டணி வந்து கடையைக் கட்டியது.

முதலாளிகள் எதிர்த்தார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது பாதி உண்மைதான். தொழிலாளர்களிலேயே பலருக்கு இதில் ஒட்டுதல் வரவில்லை. பங்கு நிதியத்தின் பெயரில், நிதியம் சங்கத்தின் கையில், சங்கத் தலைமை எங்கோ தலைநகரில். லேத் முன்னால் நிற்கிறவர் கைக்கு என்ன வந்தது? மறுபடியும் ஒரு "சார்பில்". சுரங்க வாசல் பலகையின் அதே நோய்.

இதை என் சித்தப்பாவிடம் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார், 14 பேர் வேலை பார்க்கிறார்கள். "ஏன்டா, நான் கடன் வாங்கி, வீட்டை அடமானம் வெச்சு, ராத்திரி பகலா மெஷினோட கெடந்து உருவாக்கினது. நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் ஒரே ஓட்டா?" என்றார். நியாயமான கேள்வி. புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிற என்னைப் போன்றவர்கள் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவோம், தாண்டக் கூடாது.

அவருக்கு நான் சொன்னது மொண்ட்ராகோன் கதை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், ஒரு பாதிரியார் தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்த 5 பேர் 1956-இல் ஆரம்பித்த சிறு தொழிற்சாலை, இன்று ஏறக்குறைய 70,000 பேர் வேலை பார்க்கிற கூட்டுறவுக் குழுமம். அங்கே நேற்று வந்த பையனுக்கு உடனே ஓட்டு கிடையாது. பயிற்சிக் காலம் முடிந்து, ஏறக்குறைய ஓராண்டு அடிப்படைச் சம்பளத்துக்கு நிகரான தொகையை முதலாகப் போட வேண்டும், சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு ஓட்டு, போட்ட பணம் எவ்வளவாக இருந்தாலும். பொதுக்குழு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், அந்தக் குழு மேலாளரை நியமிக்கும். உச்சச் சம்பளம் அடிமட்டச் சம்பளத்தைப் போல 6 மடங்கு அளவில்தான். சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வி: "நஷ்டம் வந்தா?"

வந்தது. அந்த 5 பேர் ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த ஃபாகோர், வீட்டு உபயோகப் பொருட்கள் செய்வது, 2005-இல் பிரான்ஸின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கி அகலக்கால் வைத்தது. 2008-க்குப் பிறகு ஸ்பெயினில் வீடு கட்டுவதே நின்றுபோனதும் யாரும் சலவை இயந்திரம் வாங்கவில்லை. மற்ற கூட்டுறவுகள் தங்கள் பணத்தைக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று கைவிரித்தன. 2013-இல் திவால். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என் 11 நிமிடக் கூட்டத்திலிருந்து வேறுபடுகிறது: உறுப்பினர்களில் பெரும்பாலானவர்களுக்கு மற்ற கூட்டுறவுகளில் இடம் கொடுத்தார்கள், அல்லது முன்கூட்டியே ஓய்வு. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொண்ட்ராகோன் வெளிநாடுகளில் நடத்துகிற ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் உறுப்பினர்கள் இல்லை, வெறும் ஊழியர்கள். சந்தையில் போட்டி போட்டு நிற்க வேண்டும் என்றால் கூட்டுறவும் கொஞ்சம் முதலாளி மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

பெரிய அளவில் செய்யப் போனால் இன்னொரு சுவர். பிரான்ஸில் சோசலிஸ்ட் கட்சியின் மித்திரோன் 1981-இல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்து வங்கிகளையும் பெரும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கினார், பணம் எல்லை தாண்டி ஓடியது, இரண்டு வருடத்துக்குள் ஃபிராங்கின் மதிப்பை மூன்று முறை குறைத்துவிட்டு 1983-இல் சிக்கனத்துக்குத் திரும்பினார். சிலியில் தேர்தலில் வென்ற சோசலிச ஜனாதிபதி ஆயெந்தேவுக்கு ராணுவம் அந்த வாய்ப்பைக்கூடத் தரவில்லை, 1973-இல் விமானம் அனுப்பி ஜனாதிபதி மாளிகையிலேயே குண்டு போட்டார்கள். தேர்தலில் ஜெயிப்பது பாதிக் கிணறுகூட இல்லை.

இதையெல்லாம் தெரிந்த பிறகும் நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன் என்றால், காரணம் சின்னச் சின்ன விதிகள். ஜெர்மனியில் 1976 சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. சமநிலை வந்தால் பங்குதாரர் தரப்புத் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, அதனால் பாதிக்கு ஒரு முடி குறைவு. இருந்தாலும் ஆலையை மூடுவதானால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவருடைய மைக்கை அணைக்க முடியாது. இத்தாலியில் 1985-லிருந்து மார்கோரா சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மூடப்படும் நிறுவனத்தை அதன் தொழிலாளர்களே கூட்டுறவாக வாங்கி நடத்த நிதி உதவி கிடைக்கும், வேலையிழப்பு உதவித்தொகையை மாதாமாதம் வாங்காமல் மொத்தமாக முன்கூட்டி வாங்கி முதலாகப் போடவும் வழி இருக்கிறது.

இதைப் படித்த அன்றைக்கே எங்கள் பழைய பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 42 பேர் இருக்கிறோம், அன்றைக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் கிடைத்த பணத்தைப் போட்டிருப்பீர்களா என்று. 7 பேர் கண்டிப்பாக என்றார்கள். ஒருவர், வீட்டுக் கடன் இருந்தது, முடிந்திருக்காது என்று எழுதினார், நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான். மூன்று பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும், "அதெல்லாம் சரி, யார் மேனேஜர்னு முதல்ல சொல்லு" என்றார். அதையும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ண வேண்டியதுதான் என்று எழுதினேன். எல்லோரும் படித்துவிட்டதாக நீல டிக் வந்தது, பதில் இன்னும் வரவில்லை.