ஒரே வீட்டில் மூன்று மாத்திரைக் கணக்கு

பிப்ரவரி 3
கொழுந்தனாருக்கு டிபிதான், காசநோய். சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக இருமினார், சிகரெட் இருமல் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சின்னவன் எந்நேரமும் சித்தப்பா மடியில்தான். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தொற்று சீக்கிரம் நோயாக மாறும், உடனே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. பிறந்ததுமே பிசிஜி தடுப்பூசி போட்டாச்சே என்றேன். அது மூளைக்காய்ச்சல் மாதிரி மோசமான வகைகளில் இருந்து சின்னக் குழந்தைகளைக் காக்குமாம், நுரையீரல் டிபிக்கு அவ்வளவாக நம்ப முடியாதாம்.

பிப்ரவரி 6
சின்னவனுக்கு இருமலே இல்லை. ஆனால் எடை அட்டையைப் பார்த்ததும் டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டு, கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். ஐந்து மாதமாக 11.2 கிலோ, 11.3, மறுபடி 11.2. ஓடியாடுகிற பிள்ளை, அதான் சதை பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் புள்ளியை வைக்கும்போது பக்கத்தில் நின்றவளும் நான்தான்.

பிப்ரவரி 9
இன்றைக்கு நடந்ததை மறக்க மாட்டேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடிந்ததும் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ராத்திரி விழுங்கிய சளியை வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கையை நான் பிடித்துக்கொண்டேன். கத்தின கத்தல்! மலத்தையும் வாங்கிக்கொண்டார்கள், இப்போது அதிலும் கிருமியைத் தேடலாமாம். அதை முதலில் செய்திருக்கலாமே என்று எனக்குக் கோபம். பெரியவளுக்குக் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 12
இரண்டிலும் கிருமி இல்லை. அரை நிமிஷம்தான் சந்தோஷம். குழந்தைகளிடம் கிருமி குறைவாக இருக்கும், அதனால் சிக்காமல் போவது சகஜம் என்று சொல்லி எக்ஸ்ரேயைக் காட்டினார். மார்புக்குள் நெறி கட்டியிருக்கிறது. வீட்டில் நோயாளி, ஏறாத எடை, இந்த நெறி, மூன்றும் சேர்ந்தால் சிகிச்சை தொடங்கப் போதுமாம். ஆறு மாதம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். தீவிரமில்லாத வகை என்றால் குழந்தைகளுக்கு நான்கு மாதம் போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டதாம்.

பெரியவளுக்கு ஊசி போட்ட இடத்தில் 14 மில்லிமீட்டர் தடிப்பு, ஆனால் எக்ஸ்ரே சுத்தம். கிருமி உள்ளே தூங்குகிறது, எழுந்திருக்க விடக்கூடாது. வாரம் ஒரு வேளை ஐசோனியசிட், ரிஃபாபென்டின் என்று இரண்டு மருந்துகள், மொத்தம் 12 வாரம். "எனக்கு ஒண்ணுமே இல்லையே, நான் எதுக்கு மருந்து சாப்பிடணும்?" பதினைந்து வயது, கேட்கத்தானே செய்வாள். அந்த வயதில் நோய் வந்தால் பெரியவர்களுக்கு வருவது போல நுரையீரலில் குழி விழும், கூட இருப்பவர்களுக்கும் பரவும் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

பிப்ரவரி 16
சின்னவனின் மாத்திரை தண்ணீரில் தானாகக் கரைகிறது, பழ வாசனை வேறு. தினம் இரண்டு. குடித்துவிட்டு இன்னும் கேட்கிறான். பெரியவள் குளியலறையிலிருந்து அலறினாள், சிறுநீர் ஆரஞ்சு நிறம். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், சொல்ல மறந்தது நான். மருந்தின் நிறம்தான், பயமில்லை.

மார்ச் 20
சின்னவன் 12.1! அப்புறம் பார்த்தால் மாத்திரை இரண்டிலிருந்து மூன்றாகிவிட்டது. நோய் கூடிவிட்டதோ என்று பதறினேன். எடை ஏறினால் அளவும் ஏறும், நல்ல செய்திதான் என்று சிரித்தார்.

மார்ச் 24
உலக காசநோய் தினம். 1882-ல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு: பெரியவளின் பென்சில் டப்பாவில் போன வார மாத்திரைகள், அப்படியே. திட்டினேன், அழுதாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் கொழுந்தனார்தான் தன் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போய் அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். "உனக்கு வாரத்துல ஒரு நாள், எனக்கு ஏழு நாள். யாருக்கும்மா கஷ்டம்?" கதவு திறக்கக் கால் மணி நேரம் ஆனது. டாக்டரம்மாவிடம் கேட்டு, விட்ட வேளையைக் கடைசியில் சேர்த்தோம்.

மே 10
பெரியவளுக்கு 12-வது வேளை முடிந்தது. காலி அட்டையை என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 13
நேற்றோடு சின்னவனுக்கும் முடிந்தது, 13 கிலோ. இன்று காலை எழுந்ததும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுகிறான், இன்னும் ஏன் கலக்கவில்லை என்று.