ஏழில் எஞ்சியிருந்த வெஞ்சமாக்கூடல்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் ஏழு. அவற்றுள் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் அடுத்தடுத்து இருப்பவை. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறை, பரிகாரத்துக்குக் கொடுமுடி என்று ஈரோட்டுக்காரர்களான எங்களுக்கு ஆண்டுதோறும் ஏதாவதொரு காரணம் வாய்த்துவிடும். திருச்செங்கோட்டு மலைக்கும் கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலுக்கும் கல்யாணங்காட்சிக்குப் போகிற வழியிலேயே போய் வந்துவிடலாம். ஏழாவதான வெஞ்சமாக்கூடலுக்கு மட்டும் வழியில் போவது என்பதே கிடையாது. அதற்கென்றே புறப்பட வேண்டும். அதனால்தானோ என்னவோ, எழுபதைக் கடந்த என் அம்மாவின் கணக்கில் அது ஒன்றே பல ஆண்டுகளாக எஞ்சியிருந்தது.

பங்குனியில் ஒரு நாள் காலை அவரை அழைத்துக்கொண்டு கரூர் வழியாகக் கிளம்பினேன். அரவக்குறிச்சிப் பக்கம் நெருங்க நெருங்க, காவிரிப் பாசனத்தின் பசுமை மறைந்து, பனையும் முருங்கைத் தோட்டங்களுமாக மண் வெளிறிப்போகிறது. பேச்சு சுவாரசியத்தில் கைகாட்டியைக் கவனிக்காமல் நெடுந்தூரம் கடந்துவிட்டேன். தோட்டத்தோரம் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் வழி கேட்டதற்கு, அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம்தான் பதில் சொன்னார்: "ஏனுங்கம்மா, விகிர்தநாதர் கோயிலுக்குங்களா? தாண்டி வந்துட்டீங்க. திரும்பிப் போயி அந்த வேப்பமரத்துக்கிட்ட உள்ளார போங்க. வெயிலுக்கு முந்திப் போயிருங்க."

ஐந்து நிலை இராஜகோபுரம் தொலைவிலேயே தெரிகிறது. கோபுர வாயிலைக் கடந்ததும் படிகளில் இறங்கித்தான் உள்ளே செல்ல வேண்டும். ஆற்றங்கரைக் கோயில் இப்படித் தாழ்வாக இருப்பதற்கு அது ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1977ஆம் ஆண்டு பெருமழையில் வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாறு அணை உடைந்து வந்த வெள்ளத்தில் இக்கோயில் சிதைந்துபோயிற்று. பின்னர் ஈரோட்டு அருள்நெறித் திருக்கூட்டத்தாரின் பெருமுயற்சியால் திருப்பணி நடந்து, 1986இல் குடமுழுக்கு நிறைவேறியது. "அந்த வருசம் நீ கைக்குழந்தை. ஊரெல்லாம் அந்த வெள்ளத்தப் பத்தித்தான் பேச்சு" என்று சொல்லிக்கொண்டே, அம்மா என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சுந்தரருக்குப் பொன் தேவைப்பட்டபோது, இறைவன் முதியவராக வந்து, மூதாட்டியாக வந்த அம்பிகையிடம் தம் பிள்ளைகள் இருவரையும் ஈடாக வைத்துப் பொன் வாங்கிக் கொடுத்தார் என்பது இத்தலத்து வரலாறு. திருமுருகன்பூண்டியிலோ அதே சுந்தரரிடமிருந்து, சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளை வேடர் வடிவில் பூதகணங்களை ஏவிப் பறித்துக்கொண்டதும் அவரேதான். ஓரிடத்தில் வழிப்பறி, இன்னோரிடத்தில் அடகு! எங்கள் கொங்குச் சீமையில் கடவுளும் கொடுக்கல் வாங்கலில் இறங்கிவிட்டார் என்று அம்மா சிரிப்பார்.

ஆனால், இங்கே சுந்தரர் பாடிய பதிகத்தைப் படித்தால் பாட்டுக்குப் பாட்டு வந்து நிற்பது பொன் அல்ல. "விகிர்தா, அடியேனையும் வேண்டுதியே" என்பதுதான் அதன் ஈற்றடி. உலகெல்லாம் இறைவனை வேண்டிக்கொண்டிருக்க, இவர் இறைவனைப் பார்த்து 'நீ என்னையும் வேண்டு' என்கிறார். 'அடியேனையும்' என்பதில் உள்ள அந்த உம்மை, எத்தனையோ பேரை வைத்திருக்கிறாயே, அந்த வரிசையின் கடைசியில் எனக்கும் ஓர் இடம் கொடு என்று ஏங்கும் உம்மை. வீட்டுப் பூசையறையில் பலமுறை கேட்ட அடிதான். ஆளரவமற்ற அந்த அர்த்தமண்டபத்தில் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அன்று சந்நிதியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மனப்பாடமாகத் தொடங்கியவர் நான்காம் பாட்டில் தடுமாறி நிற்க, தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு ஏற்றாமல் நின்றிருந்த குருக்கள், விட்ட சீரை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "முழுசாப் பாடுங்கம்மா, அவசரமில்லீங்க" என்றார். பத்துப் பாட்டும் முடிந்த பிறகே கற்பூரம் ஏற்றப்பட்டது. கூட்டம் அலைமோதும் தலங்களில் அரை நொடி தரிசனத்துக்கு ஆயிரம் பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, ஒரு கிழவியின் பாட்டு முடியும்வரை தீபாராதனை காத்திருந்தது நம்ப முடியாததாக இருந்தது.

வெளியே வந்து ஆற்றைப் பார்க்கப் போனோம். பதிகத்தின் முதற்பாட்டில் இந்த ஆறு, மூங்கில் உதிர்த்த முத்தோடு ஏலமும் இலவங்கமும் தக்கோலமும் இஞ்சியும் அடித்துக்கொண்டு வருகிறது. அதன் கீழ்க்கரையில் வளைந்த புன்னையும் ஞாழலும் குருக்கத்தியும் நிற்க, அவற்றின் மேல் குயிலின் கூவல் ஓய்வதில்லை. இன்று மணலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் பட்டன. குயில் கூவவில்லை, கருவேலங்காட்டுக்குள் மயில் ஒன்று அகவியது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த மணலில் சிறிது தூரம் நடந்து போய், குனிந்து கையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாகக் கறுத்திருந்தது. அந்த ஈரத்தை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அந்த முருங்கைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பெண்மணியிடம் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்ததும், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இத்தனை கிட்டத்தில இருக்கறேன், போயிப் பல வருசமாச்சுங்கம்மா" என்று சொல்லியபடியே, வேண்டாம் வேண்டாம் என்றதையும் கேளாமல், ஒரு கட்டு முருங்கைக்காயை வண்டிக்குள் வைத்தார்.