பனிக்குள் இறங்கிய குத்தூசி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் எங்கள் வீடு. காவிரி பிறக்கும் குடகில் பனிப்பொழிவு கிடையாது. அங்கே எல்லாம் தென்மேற்குப் பருவமழைதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இமயமலையின் லாகூல் பகுதியில் பனியை அளக்கும் கூட்டாய்வில் சேர்ந்தேன்.

சந்திரா ஆற்றுப் படுகையில் வெவ்வேறு குழுக்கள் எடுத்த பதிவுகளை ஒன்றுசேர்ப்பது என் வேலை. (இந்த ஆறு தாண்டி என்னும் இடத்தில் பாகா ஆற்றோடு கலந்து செனாப் ஆகிறது.) ஒரு குழு கம்பம் நட்டுப் பனியின் ஆழத்தை மட்டும் குறித்திருந்தது. இன்னொன்று, உருகினால் எவ்வளவு நீர் என்று கணக்கிட்டிருந்தது. இரண்டும் ஒட்டவேயில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தும் அட்டவணையோடுதான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை அடி பனி கிடக்கிறது அம்மா?" என்றார் அப்பா. மேட்டூரைக் கொண்டே அவருக்கு விளக்கினேன். 120 அடியில் 93.47 டி.எம்.சி.; 100 அடியில் ஏறத்தாழ 65. மேலிருக்கும் 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் நிற்கிறது. பனியும் அப்படித்தான். புதிதாக விழுந்த ஒரு மீட்டர் பனி உருகினால் சுமார் 10 செ.மீ. நீர்; நாள்பட்டு இறுகியதென்றால் 30 செ.மீ.கூடக் கிடைக்கும். ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது, எடைபோட வேண்டும். குழாயைச் செருகிப் பனியை எடுப்போம் என்றதும், "கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் குத்துகிற குத்தூசி மாதிரியா?" என்றார். அதேதான்.

மார்ச்சில் நானே அந்தக் குழாயைப் பிடித்தேன். முனையில் பற்கள் உள்ள அலுமினியக் குழாய். திருகித் திருகி இறக்க வேண்டும். முதல் முறை பாதி பனி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இரண்டாம் முறை குழாயின் அடியில் ஒரு விரற்கடை ஈரமண் ஒட்டி வந்தது. தரையைத் தொட்டதற்கு அதுதான் சாட்சி. மண்ணைச் சுரண்டிவிட்டுத் தராசில் தொங்கவிட்டோம். கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன; ஆனால் ஆழம் 90 செ.மீ., நீர் 27 செ.மீ. என்று எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆழம் பத்தடிக்குப் பத்தடி மாறும். அடர்த்தி அவ்வளவு மாறாது. ஆகவே பல இடங்களில் ஆழம், சில இடங்களில் எடை என்று எல்லாக் குழுக்களும் ஒப்புக்கொண்டோம். பழைய பதிவுகளில் அதே மாதம், அதே உயரத்தில் எடுத்த எடை இருந்தால் அதைக் கொண்டு நீரைக் கணக்கிட்டு, கணக்கிட்டது என்று தனியே குறித்தோம். எடை கிடைக்காத ஆண்டுகளை வெற்றாகவே விட்டோம். சிலருக்கு அதில் மனத்தாங்கல்தான். ஊகித்த எண்ணை அளந்த எண்ணோடு கலந்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே அந்த நீரை நம்பி நாற்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மார்ச்சில் கம்பக் குழுவும் ஒரு குழாயும் தராசும் எடுத்துக்கொண்டு மலையேறுகிறது.