பாடு

2016 நவம்பர் 12, சனிக்கிழமை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் வங்கியில் கேஷியராகச் சேர்ந்து பதினான்கு மாதம். நோட்டு மாற்றும் கவுன்ட்டர் என் தலையில். ஆளுக்கு 4000 ரூபாய்தான் வரம்பு. நூறு ரூபாய்க் கட்டுகள் தீர்ந்துபோனதால் எல்லோருக்கும் புது 2000 ரூபாய் நோட்டு இரண்டு. படிவத்தையும் அடையாள அட்டை நகலையும் வாங்கு, பழைய நோட்டை எண்ணு, புது நோட்டு இரண்டை நீட்டு. கேஷில் இதைவிட லேசான வேலை கிடையாது என்றுதான் காலையில் நினைத்தேன்.

இரவு எட்டரைக்குக் கணக்கு முடித்தபோது 26,000 ரூபாய் குறைந்தது. வாங்கிய பழைய நோட்டுகளை இரண்டு முறை மெஷினில் விட்டோம். அதில் பிழை இல்லை. போனது புது நோட்டு, பதிமூன்று. புது நோட்டுக்கு ஒரு குணம் உண்டு. மொடமொடவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். விரல் இரண்டு என்று சொல்லும், மூன்று போயிருக்கும். கேமராவைப் போட்டுப் பார்த்தோம். என் கை நீளுவது தெரிந்தது, கையில் எத்தனை என்பது தெரியவில்லை.

கேஷ் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். மேலாளர் திட்டவில்லை. "கட்டிரும்மா, எழுத்தில் போக வேண்டாம்" என்றார். என் கணக்கில் 9000 இருந்தது. மீதியை உடன் வேலை பார்த்த இரண்டு பேர் தங்கள் கணக்கிலிருந்து மாற்றிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் ஆனது. பணத்தைவிட வலித்தது வேறு. காலையிலிருந்து அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து, நான் நன்றாகத்தான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டே தப்புச் செய்திருக்கிறேன். மறுநாளும் அதே நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை வங்கி திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

எங்கள் ஊர் மணப்பாடு. மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், அடியில் சவேரியார் தங்கிய குகை, அதற்கும் கீழே கடல். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த ஊரில் பிறந்த நான் பூசையை விட்டுவிட்டு நோட்டு எண்ணப் போக வேண்டும் என்பதே ஏற்கெனவே உறுத்தல்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. அப்பா திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தங்கூசி என்னும் நைலான் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கும் பாடு இல்லை. எங்கள் பக்கம் கடலில் கிடைப்பதைப் 'பாடு' என்போம், மீன்பாடு. டீசல் காசுகூடத் தேறவில்லையாம். சொறிமீனும் பாசியுமாக வந்த வலையை அலசி உலர்த்தியாகிவிட்டது, இப்போது ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர் நிமிரவில்லை. "மொதல்ல சாப்புடு" என்றார்.

"ஒண்ணும் கெடைக்காத வலைய இப்பவே தைக்கணுமாப்பா? நாளைக்குக் கடலே கிடையாதே."

"கெடைக்கலங்கதுக்காக வலய அலசாமப் போட்டா நாறிப் போவும்ட்டி. அப்புறம் கெடைக்கிற அன்னைக்கி வல இருக்காது."

அவ்வளவுதான். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. நல்லவேளை. "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று சொல்ல மறுநாள் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் ஒப்பவில்லை; நான் நோட்டைச் சரியாகப் பிரிக்காததற்கு ஆண்டவர் என்ன செய்வார்?

படுத்தபோது லூக்கா நற்செய்தியில் வரும் பேதுருவின் கதை நினைவுக்கு வந்தது. இராமுழுக்க வலை வீசி ஒன்றும் அகப்படாத கதை. கடற்கரை ஊர்களில் அதைப் பிரசங்கத்தில் கேட்காத வருடமே கிடையாது. சாமியார்கள் நேராக வலை கிழியுமளவு விழுந்த மீனுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இயேசு கரைக்கு வரும்போது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். பாடில்லாத இரவுக்குப் பிறகு, தூங்கப் போகாமல். அந்த நேரத்தில்தான் அவர் படகில் ஏறுகிறார். இத்தனை வருடம் கேட்டும் அந்த ஒரு வரி எனக்குத் திண்ணையில் அப்பாவைப் பார்த்த பிறகுதான் காதில் விழுந்தது. பணம் திரும்பி வர வேண்டும் என்று அன்று செபிக்கவில்லை. நாளைக்கு அந்த நாற்காலியில் கை நடுங்காமல் உட்கார வேண்டும், அது போதும் என்று கேட்டேன்.

விடியற்காலை பேருந்தில் வேலையைப் பற்றி யோசித்தேன். புதுக் கட்டில் நூறு நோட்டுகளும் வரிசை எண்ணில் இருக்கும். முதல் நோட்டு 01-இல் முடிந்தால், முப்பது பேருக்குக் கொடுத்தபின் மேலே இருக்கும் நோட்டு 61-இல் முடிய வேண்டும். 62 என்று இருந்தால் ஒன்று கூடுதலாகப் போயிருக்கிறது. எண்ணவே வேண்டாம், பார்த்தால் போதும். கட்டைப் பிரித்தவுடன் வளைத்து விசிறிவிட்டேன். ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாகக் கவுன்ட்டரில் வைத்தேன். பத்துப் பேருக்கு ஒருமுறை கடைசி எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. மாலை ஐந்தரைக்குக் கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நின்றது.

இதற்கிடையே பாட்டி உவரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர்தானே. டிசம்பரில் ஒரு பெரியவர் வந்தார். "மூணு குடுத்திட்டியம்மா, எம் மக பார்த்துச் சொன்னா" என்று ஒரு நோட்டைக் கண்ணாடிக்கடியில் தள்ளினார். பதிமூன்றில் ஒன்று. பாட்டியின் கணக்கில் நேர்ச்சை பலித்துவிட்டது, உவரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன், மறுக்கவில்லை.

2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஒரு தடவைக்கு 20,000 வரை மாற்றலாம். அப்போது வேறொரு கிளையில் இருந்தேன். வந்த நோட்டுகளை எண்ணும்போதெல்லாம், என் பன்னிரண்டில் ஏதாவது இதில் இருக்குமோ என்று ஓர் அற்ப ஆசை. கசங்கி, மஞ்சள் கறை படிந்து, மீன் வாசனையோடுகூட வந்தன. எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் வைத்து எண்ணினேன்.