பச்சைப் பட்டை ஆடியது, குரல்தான் வரவில்லை

எங்கள் கணக்கு சார் ஓய்வு பெறுகிறார், அவரைப் பேசவைத்து எட்டு நிமிட வீடியோ எடுக்க வேண்டும் என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையில் இருந்தது ஃபோன், ட்ரைபாட், இரவல் வாங்கிய வயர்லெஸ் காலர் மைக். கேள்வி எழுதியது, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பியது எல்லாம் அரை மணி நேர வேலை. சார் ஒரு மணி நேரம் பேசினார். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். அதற்கு மேல் மின்விசிறி. ஃபோனுக்குப் போட்டிருந்த தடிமனான உறை இடித்ததால் ஃபோனில் செருக வேண்டிய மைக்கின் ரிசீவர் முழுதாக உள்ளே போகவில்லை. ஃபோனும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் சொந்த மைக்கில் பதிவு செய்திருக்கிறது. நானோ திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைப் பட்டை ஆடுவதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எந்த மைக்கில் கேட்டாலும் பட்டை ஆடத்தானே செய்யும்!

இப்போதெல்லாம் பத்து விநாடி பதிவு செய்து, நடுவில் காலர் மைக்கை நகத்தால் சுரண்டி, ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்கிறேன். காதுக்குள்ளேயே கரகரவென்று வந்தால் சரி. எங்கோ தூரத்தில் கேட்டால் உறையைக் கழற்ற வேண்டியதுதான். இரைச்சலை நீக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். விசிறி போனது உண்மை, கூடவே சாரின் குரலும் இயந்திரக் குரலாகிவிட்டது.

வெட்கத்தை விட்டு, மறுபடி பேச முடியுமா என்று சாரிடம் கேட்டேன். “அதுக்கென்னப்பா, வா” என்றார். இந்த முறை மாலை நேரம், குழல்விளக்கு வெளிச்சம். படத்தில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நல்லவேளை, அப்போதே கண்ணில் பட்டது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் இந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஃபோனின் ஆட்டோ தன் இஷ்டத்துக்கு ஷட்டரை மாற்றினால் அது பட்டையாகத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி என்று நிறுத்தி, விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததும் பட்டைகள் மறைந்தன. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60. கூடவே ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மாறாமல் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அவர் கையை ஆட்டும்போதெல்லாம் முகம் இருண்டு வெளுக்கும்.

பயத்தில் குரலுக்கென்று தனி ரெக்கார்டர் ஒன்றையும் ஓடவிட்டேன், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு வேகத்தில், உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவுக்கு. ஒத்திசைக்கத் தொடக்கத்தில் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் முதல் நிமிடம் கச்சிதம். நாற்பதாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஃபோன் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைக்காமல் ஏற்றி இறக்கி எடுத்திருந்தது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி எடுத்த பிறகுதான் சேர்ந்தது. முடிவிலும் ஒரு கைதட்டு வைத்திருந்ததால் சேர்ந்ததா என்று உடனே பார்க்க முடிந்தது. அதை வைத்த என் புத்திக்கு நானே ஒரு ஷொட்டு.

தொழில்நுட்பத்தால் தீராத சிக்கல் வேறு. இரண்டாம் நாள் பேச்சு முழுக்க “அன்னிக்குச் சொன்னேனே, அதேதான்” என்று வந்துகொண்டிருந்தது. அவற்றை வெட்டினால் படம் துள்ளும். கிளம்பும் முன் சும்மா எடுத்து வைத்த சாக்பீஸ் பிடித்த கை, மூக்குக் கண்ணாடி, பழைய வருகைப் பதிவேடு, இந்த மூன்று ஷாட்டுகள்தான் எல்லா வெட்டுகளையும் மூடின. அந்த அறையின் வெற்று ஒலியை முப்பது விநாடி எடுத்திருந்தால் இடைவெளிகளும் மறைந்திருக்கும். மறந்துவிட்டேன்.

ஆனால் தன் முதல் வகுப்பில் தானே கணக்கைத் தப்பாகப் போட்ட கதையை முதல் நாள் சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு மறுநாள் வரவில்லை. கிணற்றுக் குரலும் விசிறியும் சேர்ந்த அந்த நாற்பது விநாடியை அப்படியே வைத்து, கீழே எழுத்து போட்டுவிட்டேன். திரையிட்டபோது அறையே சிரித்தது அங்கேதான்.